ஆசியத் தலைநகரங்களும் அவற்றின் சாதனைகளும்: சேலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையில் வார இறுதிகளில் பொது அறிவு வகுப்பு எடுக்கிறேன். குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர்கள், பள்ளி வினாடி வினாவுக்குத் தயாராகிறவர்கள், ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வரும் பிள்ளைகள் என்று எல்லோரும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். தலைநகரங்கள் பாடம் வந்தால் அன்றைக்கு வேறு பாடம் நடக்காது. ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களை ஒட்டியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் வகுப்பில் ஒரே ஒரு கட்டாயம் உண்டு. மிக உயரமானது, மிகப் பெரியது என்று யார் விடை சொன்னாலும், எதை அளந்தார்கள், எந்த ஆண்டில் அளந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கீழே உள்ள பதில்களும் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன.

அக்கா, ஆசியாவில் மொத்தம் எத்தனை தலைநகரங்கள்? ஒரு புத்தகத்தில் 48, இன்னொன்றில் 49, வேறொன்றில் 47 என்று இருக்கிறது.

ஐ.நா. புள்ளியியல் பிரிவின் வகைப்பாட்டை எடுத்துக்கொண்டால் ஆசியாவில் 47 உறுப்பு நாடுகள். பாலஸ்தீனத்தையும் சேர்த்தால் 48. துருக்கி, சைப்ரஸ், ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான் ஆகிய ஐந்தையும் இந்த வகைப்பாடு மேற்கு ஆசியாவில் வைக்கிறது. ரஷ்யாவைக் கிழக்கு ஐரோப்பாவில் வைக்கிறது. புத்தகத்துக்குப் புத்தகம் எண்ணிக்கை மாறுவதற்குக் காரணம், பெரும்பாலும் இந்த எல்லையோர நாடுகளை எந்தக் கண்டத்தில் சேர்க்கிறார்கள் என்பதுதான்.

கீழே உள்ள எல்லாப் பதில்களுக்கும் இந்த வகைப்பாடே அடிப்படை.

நான்கு திசைகளிலும் கடைசியில் இருக்கும் தலைநகரங்கள் எவை?

வடக்கே கஜகஸ்தானின் அஸ்தானா, சுமார் 51 பாகை வட அட்சரேகை. தெற்கே திமோர் லெஸ்டேயின் டிலி, எட்டரை பாகை தென் அட்சரேகை. கிழக்கே டோக்கியோ. மேற்கே துருக்கியின் அங்காரா. துருக்கியை ஐரோப்பாவில் சேர்க்கும் புத்தகமாக இருந்தால் சைப்ரஸின் நிகோசியா. மாஸ்கோ எல்லோருக்கும் நினைவுக்கு வரும், ஆனால் அது ஐரோப்பியத் தலைநகரம்.

நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ள ஆசியத் தலைநகரங்கள் டிலியும் ஜகார்த்தாவும் மட்டுமே. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பது சிங்கப்பூர், சுமார் 137 கிலோமீட்டர் வடக்கே.

ஆசியாவின் மிக உயரமான தலைநகரம் காத்மாண்டு தானே? இமயமலை அங்கேதானே இருக்கிறது?

இல்லை. அதிகம் தவறாகும் விடை இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். எவரெஸ்ட் நேபாளத்தில் இருப்பதால் காத்மாண்டுவும் வானத்தை ஒட்டி இருக்கும் என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. காத்மாண்டு ஒரு பள்ளத்தாக்கு. அதன் உயரம் சுமார் 1,400 மீட்டர். நம் ஏற்காடு 1,515 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டில் அந்த உயரத்தில் போய் நின்றால், நேபாளத்தின் தலைநகரத்தை விட உயரத்தில் நிற்கிறீர்கள்.

நாம் கண்ணால் பார்த்த மலை இது என்பதால் வகுப்பில் சேர்வராயனையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறேன். கரும்பலகையின் ஓரத்தில் கீழிருந்து மேலாக மூன்று கோடுகள் எப்போதும் இருக்கும்: சேலம் நகரம் 278, ஏற்காடு 1,515, சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623. மங்கோலியாவின் உலான் பாட்டர் சுமார் 1,350 மீட்டர், ஆகவே ஏற்காட்டுக் கோட்டுக்குக் கீழே வரும். காபூல் சுமார் 1,790 மீட்டர், கோயில் உச்சிக்கும் மேலே. பூடானின் திம்பு பலகையின் விளிம்பைத் தொட்டுவிடும்.

திம்பு நகரம் 2,248 மீட்டரில் தொடங்கி 2,648 மீட்டர் வரை மலைச்சரிவில் ஏறிப் போகிறது. ஏமனின் சனாவும் ஏறத்தாழ 2,250 மீட்டருக்கு மேல் இருப்பதால் இரண்டும் நெருக்கமான போட்டி. பெரும்பாலான பட்டியல்கள் திம்புவையே முதலில் வைக்கின்றன. உலக அளவில் கேட்டால் விடை தென் அமெரிக்காவுக்குப் போய்விடும்: பொலிவியாவின் ஆட்சி நடக்கும் லா பாஸ் சுமார் 3,640 மீட்டர்.

உலான் பாட்டர் ஏற்காட்டை விடத் தாழ்வு என்றால், அங்கே மட்டும் ஏன் உறைந்து போகிறது? நம் ஏரி உறைவதில்லையே?

இதைக் கேட்டது ஏற்காட்டிலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பெண். நல்ல கேள்வி. குளிரைத் தீர்மானிப்பதில் உயரத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் அது தனியாக வேலை செய்வதில்லை. ஏற்காடு நிலநடுக்கோட்டிலிருந்து 12 பாகைக்குள் இருக்கிறது. குளிர்காலத்திலும் நண்பகல் வெயில் நன்றாக விழும். உலான் பாட்டர் சுமார் 48 பாகை வடக்கே. அங்கே குளிர்காலத்தில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே நகர்ந்து சீக்கிரம் மறைந்துவிடும்.

அடுத்தது கடல். பக்கத்தில் கடல் இருந்தால் கோடையின் வெப்பத்தைத் தேக்கிவைத்துக் குளிர்காலத்தில் மெல்லத் திருப்பித் தரும். மங்கோலியாவுக்குக் கடற்கரையே கிடையாது. போதாததற்கு, குளிர்காலம் முழுவதும் சைபீரியா, மங்கோலியா நிலப்பரப்பின் மேல் கனத்த குளிர்காற்று அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. ஜனவரியின் சராசரி வெப்பநிலையே அங்கே மைனஸ் 20 பாகை செல்சியசுக்குக் கீழே போய்விடும்.

அப்படியானால் மிகக் குளிரான தலைநகரம் உலான் பாட்டரா, அஸ்தானாவா?

ஆண்டுச் சராசரி வெப்பநிலையை வைத்துப் பார்த்தால் உலான் பாட்டர். உலகத் தலைநகரங்களிலேயே சராசரி மிகக் குறைவு அதற்குத்தான். சுழியத்தை ஒட்டியோ சற்றுக் கீழேயோ நிற்கும். ஆனால் ஒரே நாளில் பதிவான கடுங்குளிர் என்று கேட்டால் அஸ்தானாவின் மைனஸ் 51.6 பாகை செல்சியஸ் நினைவில் இருக்க வேண்டும். கேள்வியில் 'சராசரி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு தலைநகரம் இருக்கிறது என்கிறார்களே, அது மாலேயா? அது ஏன் மூழ்கவில்லை?

அது மாலே இல்லை, அஜர்பைஜானின் பாகு. கடல் மட்டத்துக்குக் கீழே 28 மீட்டர், உலகிலேயே மிகத் தாழ்வான தலைநகரம். கடலோரத்தில் இருந்தும் அது மூழ்காததற்குக் காரணம், அந்தக் கடல் காஸ்பியன் என்பதுதான். காஸ்பியன் நான்கு பக்கமும் நிலத்தால் அடைபட்ட நீர்நிலை. பெருங்கடல்களோடு அதற்குத் தொடர்பு இல்லை. அதன் நீர்மட்டமே உலகக் கடல் மட்டத்துக்குச் சுமார் 28 மீட்டர் கீழே இருப்பதால், அதன் கரையில் உட்கார்ந்திருக்கும் நகரமும் அதே மட்டத்தில் இருக்கிறது. பாகுவின் மேட்டுப் பகுதிகள் மலைச்சரிவில் இன்னும் உயரத்தில் உள்ளன.

மாலே கடல் மட்டத்துக்கு மேலேதான் இருக்கிறது, ஆனால் ஒட்டினாற்போல. மாலத்தீவு நாட்டின் சராசரி உயரமே சுமார் ஒன்றரை மீட்டர். 1987-இல் கடல் பொங்கி மாலேவுக்குள் புகுந்த பிறகு, ஜப்பானின் உதவியோடு தீவைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். பாகுவுக்கு இல்லாத ஆபத்து மாலேவுக்கு உண்டு: பெருங்கடல் மட்டம் உயர்ந்தால் முதலில் நனைவது மாலேதான்.

உலகின் மிக உயரமான கட்டடம் இருக்கும் தலைநகரம் துபாய் என்று எழுதினேன். ஏன் தவறு?

துபாய் தலைநகரம் அல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தின் தலைநகரம் அபுதாபி. 828 மீட்டர் உயர புர்ஜ் கலீஃபா தலைநகருக்கு வெளியே நிற்கிறது. தலைநகரம் ஒன்றில் நிற்கும் மிக உயரமான கட்டடம் கோலாலம்பூரின் மெர்டேக்கா 118. அதன் உயரம் 678.9 மீட்டர். அதே ஊரின் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் 452 மீட்டர். 1998 முதல் 2004 வரை உலக முதலிடம் அவற்றிடம் இருந்தது. இரட்டைக் கோபுரம் என்ற வகையில் இன்றும் அவையே உயரமானவை.

டோக்கியோ ஸ்கைட்ரீ 634 மீட்டர் ஆயிற்றே என்று உடனே ஒரு கை உயரும். அது ஒலிபரப்புக் கோபுரம். உயரத்தில் பாதியாவது மக்கள் புழங்கும் மாடிகளாக இருந்தால்தான் கட்டடம் என்ற கணக்கில் வரும். அதனால் ஸ்கைட்ரீக்குக் கோபுரங்களின் பட்டியலில்தான் இடம்.

உலகிலேயே மக்கள்தொகை மிகுந்த நகரம் டோக்கியோ என்று படித்தேன். இப்போது ஜகார்த்தா என்கிறார்கள். ஒரே ஆண்டில் எப்படி மாறும்?

மக்கள் ஒரே ஆண்டில் இடம் மாறவில்லை. எண்ணும் முறை மாறியது. 2018-இல் ஐ.நா. வெளியிட்ட மதிப்பீட்டில் டோக்கியோ சுமார் 3.7 கோடியுடன் முதலிடம். அப்போது ஒவ்வொரு நாடும் தன் நகர எல்லை என்று எதைச் சொன்னதோ, பெரும்பாலும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாடு சுற்றுப்புற ஊர்களையெல்லாம் சேர்த்துச் சொல்லும், இன்னொரு நாடு மாநகராட்சி எல்லையோடு நிறுத்திக்கொள்ளும். பக்கத்தில் வைத்து ஒப்பிடவே முடியாத எண்களை ஒரே பட்டியலில் போட்டுக்கொண்டிருந்தோம்.

2025 அறிக்கையில் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோல் வைத்தார்கள். நிலத்தை ஒரு சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்குக் குறைந்தது 1,500 பேர் வீதம் ஒட்டி ஒட்டிப் போகும் பரப்பை, அதில் மொத்தம் 50,000 பேராவது இருந்தால், ஒரு நகரம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் ஜகார்த்தா சுமார் 4.2 கோடி, டாக்கா ஏறத்தாழ 3.7 கோடி, டோக்கியோ சுமார் 3.3 கோடி. மூன்றுமே ஆசியத் தலைநகரங்கள். பழைய புத்தகத்தில் டோக்கியோ என்று இருந்தால் அது அந்த ஆண்டுக்கு, அந்த முறைக்குச் சரியான விடை.

நிர்வாக எல்லை எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குப் பெய்ஜிங்கைப் பாருங்கள். அதன் மாநகர எல்லை 16,410 சதுர கிலோமீட்டர், சேலம் மாவட்டத்தைப் போல மூன்று மடங்கு. அதற்குள் மலைகளும் வயல்களும் கிராமங்களும் உண்டு.

மக்கள் மிகுதி என்பதும் மக்கள் நெருக்கம் என்பதும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. மொத்தத் தலைகளை நிலப்பரப்பால் வகுத்தால் வருவது நெருக்கம். இதில் வழக்கமான விடை மணிலா. சேலம் மாநகராட்சி 91.34 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் 8.29 லட்சம் பேர். மணிலா நகரம் 42.88 சதுர கிலோமீட்டர்தான், நம் மாநகராட்சியில் பாதிகூட இல்லை. 2020 கணக்கெடுப்பில் அங்கே வசித்தவர்கள் 18.46 லட்சம். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 43,000 பேர்.

மணிலா நகரம் வேறு, பெருநகர மணிலா வேறு. இந்த எண் நகரத்துக்கு மட்டும் உரியது. மாலே தீவை மட்டும் தனியே எடுத்தால் அங்கே நெரிசல் மணிலாவுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆனால் மாலே நகராட்சி பக்கத்துத் தீவுகளையும் சேர்த்து ஆள்வதால் அதன் கணக்கு இறங்கிவிடுகிறது.

மிகப் பெரிய அரண்மனை பெய்ஜிங்கிலா, புருனேயிலா?

இரண்டும் சரி, கேள்வி எது என்பதைப் பொறுத்து. அரண்மனை வளாகம் என்றால் பெய்ஜிங்கின் தடைசெய்யப்பட்ட நகரம்: 1406 முதல் 1420 வரை கட்டப்பட்டது, 72 ஹெக்டேர். இப்போது அருங்காட்சியகம். ஆட்சியாளர் குடியிருக்கும் அரண்மனை என்றால் புருனேயின் தலைநகர் பண்டார் செரி பெகவானில் உள்ள இஸ்தானா நூருல் ஈமான்: 1984-இல் முடிந்தது, 1,788 அறைகள்.

சேலத்திலிருந்து நேர் கிழக்கே போனால் எந்தத் தலைநகரம் வரும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இதற்கு நூல் வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் ஆசியப் படத்தில், சேலத்தின் மேல் ஒரு குண்டூசி குத்தி, அதில் வெள்ளை நூலைக் கட்டி, அட்சரேகைக் கோட்டுக்கு இணையாகக் கிழக்கே இழுத்துக்கொண்டு போகச் சொல்வேன். நூல் கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே கரையைக் கடக்கும். வங்காள விரிகுடாவைத் தாண்டி அந்தமானின் போர்ட் பிளேரை (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) உரசும். மியான்மரின் தென்வால், தாய்லாந்தின் ஒடுங்கிய கழுத்து, தாய்லாந்து வளைகுடா, பிறகு கம்போடியா. நூல் போய் நிற்கும் இடம் புனோம் பென். சேலம் ஏறத்தாழ 11.65 பாகை, புனோம் பென் 11.55. ஒரு தலைநகரம் நம் ஊரின் அட்சரேகையிலேயே இருப்பது பல பேருக்கு இந்த நூலைப் பிடித்த பிறகுதான் தெரிகிறது.

அந்த ஊரின் அதிசயமும் நூலோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. புனோம் பென்னில் மேகாங் ஆறும் டோன்லே சாப் ஆறும் சந்திக்கின்றன. வறண்ட மாதங்களில் டோன்லே சாப் ஏரியின் நீர் ஆறாக இறங்கி மேகாங்கில் சேரும். தென்மேற்குப் பருவமழையில் மேகாங் பெருக்கெடுக்கும்போது அதன் மட்டம் ஏரியை விட உயர்ந்துவிடும். தண்ணீர் வந்த வழியே திரும்பி ஏரிக்குள் ஏறும். ஆறு திசை மாறி ஓடுகிறது. ஏரி சுமார் 2,500 சதுர கிலோமீட்டரிலிருந்து பல மடங்காக விரிந்து, காடுகளுக்குள் நீர் நிற்கும். மீன்கள் அங்கே பெருகும். மழை ஓய்ந்து ஆறு மீண்டும் திரும்பும் காலத்தை ஒட்டி, புனோம் பென்னில் படகுப் போட்டிகளோடு நீர்த் திருவிழா நடக்கிறது.

அஸ்தானாவா, நூர்சுல்தானா? என் அண்ணனின் குறிப்பேட்டில் நூர்சுல்தான் என்று இருக்கிறது.

இப்போது அஸ்தானா. 1997-இல் அல்மாட்டியிலிருந்து தலைநகரம் இங்கே வந்தபோது ஊரின் பெயர் அக்மோலா. 1998-இல் அஸ்தானா ஆனது. 2019-இல் பதவி விலகிய அதிபர் நூர்சுல்தான் நசர்பாயேவின் பெயரைச் சூட்டினார்கள். 2022-இல் மீண்டும் அஸ்தானா. உங்கள் அண்ணனின் குறிப்பு 2019-க்கும் 2022-க்கும் இடையில் எழுதியதாக இருக்கும். அதற்கும் முன்பு இதே ஊர் அக்மோலின்ஸ்க், ட்செலினோகிராட் என்ற பெயர்களில் இருந்தது.

இலங்கைக்குக் கொழும்பா, கோட்டேயா? இப்படி இரட்டைத் தலைநகரம் உள்ள நாடுகள் வேறு எவை?

இலங்கையின் நாடாளுமன்றம் 1982 முதல் ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டேயில். வணிகத் தலைநகரம் கொழும்பு. மலேசியாவுக்கு அரசமைப்புப்படி கோலாலம்பூர். அரசு அலுவலகங்கள் 1999 முதல் புத்ராஜெயாவுக்குப் போயின. மியான்மர் 2005-இல் யாங்கோனிலிருந்து நேபிடாவுக்கு மாறத் தொடங்கியது. இந்தோனேசியா, கிழக்குக் காளிமந்தானில் நுசந்தாராவைக் கட்ட 2022-இல் சட்டம் இயற்றியது. அதிபர் ஆணை வந்து மாற்றம் முறைப்படி நடக்கும் வரை ஜகார்த்தாவே தலைநகரம். நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி ஜகார்த்தாவின் வட பகுதி தாழ்ந்துகொண்டே போவது இந்த இடமாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

முன்பு உயரக் கேள்வியில் சொன்ன சனாவும் இந்தப் பட்டியலுக்கு உரியது. அரசமைப்புப்படி ஏமனின் தலைநகரம் அதுதான். ஆனால் நகரம் ஹூதிகளின் கையில் இருப்பதால், பன்னாட்டு அங்கீகாரம் பெற்ற அரசு ஏடனை இடைக்காலத் தலைநகரமாக வைத்திருக்கிறது.

மிக நீளமான பெயர் கொண்ட தலைநகரம் எது?

பாங்காக். அதன் சடங்குப் பெயர் ரோமன் எழுத்தில் எழுதினால் 168 எழுத்துகள், இடப்பெயர்களில் உலக சாதனை. அந்த ஊர்க்காரர்கள் அன்றாடம் சொல்வது குருங் தேப்.

போக்குவரத்து சிக்னலே இல்லாத தலைநகரம் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது, திம்பு. ஒரு முறை சிக்னல் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். மக்களுக்குப் பிடிக்காததால் எடுத்துவிட்டார்கள். முக்கியச் சந்திப்பில், வண்ணம் தீட்டிய சிறு கூண்டுக்குள் நின்று, வெள்ளைக் கையுறை போட்ட காவலர் கைகளால் வழிகாட்டுகிறார்.

உயரமான கொடிக்கம்பத்துக்கு மட்டும் ஆளுக்கொரு விடை சொல்கிறார்கள். எதை நம்புவது?

ஆண்டைக் கேளுங்கள். ஜோர்டானின் அம்மானில் 2003-இல் 126.8 மீட்டர் கம்பம் எழுந்தது. துர்க்மேனிஸ்தானின் அஷ்காபாத் 2008-இல் 133 மீட்டர். பாகு 2010-இல் 162 மீட்டர். அடுத்த ஆண்டே தஜிகிஸ்தானின் துஷான்பே மூன்று மீட்டர் கூட்டி 165 மீட்டர். சாதனை இப்படித் தலைநகரம் விட்டுத் தலைநகரம் தாவி, 2014-இல் தலைநகரமல்லாத ஜெத்தாவுக்கு 171 மீட்டருடன் போனது. 2021-இல் எகிப்தின் புதிய நிர்வாகத் தலைநகரில் சுமார் 202 மீட்டரில் ஒன்றை நட்டார்கள். சாதனை ஆசியாவை விட்டே போய்விட்டது. 2012-இல் அச்சான பொது அறிவுப் புத்தகம் துஷான்பே என்று சொன்னால் புத்தகம் சரி, பதிப்புதான் பழையது.

அஷ்காபாத்துக்கு வேறொரு சாதனை உண்டு. வெள்ளைப் பளிங்கு பதித்த கட்டடங்கள் மிக நெருக்கமாக உள்ள நகரம் என்று 2013-இல் கின்னஸ் பதிவு செய்தது: 543 கட்டடங்கள்.

தேர்வில் டோக்கியோ, ஜகார்த்தா இரண்டும் விருப்பங்களில் இருந்தால் எதைக் குறிப்பது?

முதலில் கேள்வியில் ஆண்டோ அறிக்கையின் பெயரோ இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் குழப்பமே இல்லை. இல்லாவிட்டால், தமிழக அரசுத் தேர்வுகளைப் பொறுத்தவரை நடப்பிலுள்ள பள்ளிப் பாடநூல் சொல்வதைக் குறிப்பது பாதுகாப்பு. நடப்பு நிகழ்வுகள் பகுதியில் வந்த கேள்வி என்றால் புதிய அறிக்கையைப் பின்பற்றுங்கள்.

பிறகு தற்காலிக விடைக்குறிப்பு வரும். அது தவறு என்று தோன்றினால், புலம்பிவிட்டு உட்கார்ந்துவிடாமல், ஆதாரப் பக்கத்தை இணைத்துக் குறித்த தேதிக்குள் ஆட்சேபம் அனுப்புங்கள். புத்தகத்தின் அட்டை, பதிப்பு ஆண்டு இருக்கும் பக்கம், விடை இருக்கும் பக்கம் மூன்றையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பதிப்பு ஆண்டு இல்லாமல் அனுப்பினால், மேலே கொடிக்கம்பத்துக்குச் சொன்ன சிக்கல் அப்படியே திரும்பி வரும்.